தண்டுவட நீரில் கிடைக்கும் தடயம்

நடை தள்ளாடுகிறது, ஞாபகம் தப்புகிறது, தலைவலி விடாமல் வருகிறது. அறுபதைத் தாண்டியவர் என்றால் வயதின் மேல் பழியைப் போட்டுவிடுவோம். அவருக்கு வால்டன்ஸ்ட்ராம் என்ற ரத்தப் புற்றுநோய் ஏற்கெனவே இருந்தால், பழிபோட வேறு காரணங்களும் கிடைக்கும். அந்த நோயில் எலும்பு மஜ்ஜையில் பெருகும் பி வகை அணுக்கள், ஐஜிஎம் என்ற பெரிய புரதத்தை ரத்தத்தில் கொட்டுகின்றன. ரத்தம் கெட்டிப்பட்டால் தலை சுற்றும், பார்வை மங்கும். அதே புரதம் நரம்புகளைத் தாக்கினால் பாதம் மரத்துப்போகும்.

இவ்விரண்டும் இல்லாமல், புற்றணுக்களே மூளைக்கோ தண்டுவடத்துக்கோ போய்விடுவதும் உண்டு. அதுதான் பிங்-நீல் நோய். வால்டன்ஸ்ட்ராம் நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வரும் இதை, டென்மார்க் மருத்துவர்கள் யென்ஸ் பிங், ஆக்செல் நீல் இருவரும் 1936இல் விவரித்தார்கள். அடிப்படை நோயை சுவீடனின் யான் வால்டன்ஸ்ட்ராம் விவரித்தது 1944இல்தான்.

பிங்-நீலைக் கண்டுபிடிப்பதில் வரிசை முக்கியம். முதலில் கடோலினியம் மருந்து ஏற்றி, மூளைக்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். நோய் பரவிய மூளையுறை படத்தில் பளிச்சென்று தெரியும். தண்டுவட நீரை எடுக்க முதுகில் ஊசி போட்ட பிறகு படம் எடுத்தால், ஊசியின் விளைவாலேயே உறை அப்படித் தெரியக்கூடும். ஸ்டீராய்டுக்கும் முடிந்தவரை பொறுத்திருப்பது நல்லது. அது புற்றணுக்களைக் கரைத்துத் தடயத்தை அழித்துவிடும்.

அடுத்துதான் ஊசி. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையில் அதைச் செலுத்தி, சொட்டுச் சொட்டாக வடியும் நீரைக் குழாய்களில் பிடிக்கிறார்கள். அதில் ஐஜிஎம் இருந்தால் மட்டும் போதாது. ரத்தத்திலிருந்து கசிந்ததாக இருக்கலாம். வெள்ளணுக்கள் கூடியிருந்தாலும் போதாது, தொற்றிலும் கூடும். ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவி அணுக்களின் மேற்பரப்பு அடையாளங்களைப் பார்த்து, அவை ஒரே அணுவின் வாரிசுகளா என்று சொல்லும். எம்ஒய்டி88 மரபணுவில் வரும் ஒரு குறிப்பிட்ட திரிபையும் தேடுவார்கள். வால்டன்ஸ்ட்ராம் நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது இருப்பது 2012இல் தெரியவந்தது. மஜ்ஜையில் உள்ள அணுவும் நீரில் உள்ள அணுவும் ஒத்துப்போனால் சந்தேகம் தீரும். நீரில் அகப்படாவிட்டால், மூளையிலோ உறையிலோ சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க நேரலாம்.

இவ்வளவு மெனக்கெடுவது மருந்துக்காக. ரத்தத்தில் நன்றாக வேலை செய்யும் பல மருந்துகள் மூளைக்குள் போதிய அளவு நுழைவதில்லை. இப்ரூட்டினிப், அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் போன்றவை நுழையும். ரத்தப் பரிசோதனையில் நோய் அடங்கியிருக்கும்போதும் பிங்-நீல் தலைகாட்டுவது உண்டு. ஆகவே, ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று வந்தாலும், புதிதாக வந்த தள்ளாட்டத்தை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.