யாந்தபோவில் போட்ட கையெழுத்து

யாந்தபோ, பர்மாவில் (இன்றைய மியான்மரில்) ஐராவதி ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்னக் கிராமம். கண்டரமாணிக்கம், சிவகங்கைச் சீமையில் வானத்தையும் கண்மாயையும் நம்பியிருந்த ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர். 1826 பிப்ரவரி 24 அன்று யாந்தபோவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ஆர்ச்சிபால்ட் கேம்பலும் பர்மிய அரசரின் தூதர்களும் முதல் ஆங்கில-பர்மியப் போரை முடிக்கும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அரக்கானும் தெனாசரிமும் கம்பெனிக்குக் கைமாறின. போர்ச் செலவுக்கு ஒரு கோடி ரூபாய் தர அரசர் ஒப்புக்கொண்டார். அந்தக் காகிதத்தில் செட்டிநாட்டைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்த வட்டாரத்து வளவுகள் (பெருவீடுகள்) எழுந்ததற்கும் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்ததற்கும் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

எங்கோ எழுதிய உடன்படிக்கை இங்கே வந்து விடிவது இந்தச் சீமைக்குப் புதிதும் அல்ல.

1792 ஜூலையில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கை, பாளையக்காரர்களிடம் நேரடியாகப் பேஷ்குஷ் (கப்பம்) வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்தது. சிவகங்கையை யாரும் கேட்கவில்லை. அதற்கான பதில் 1801 ஜூன் 16 அன்று வந்தது. சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. வெள்ளையருக்கு இடம் கொடுத்த நவாபை அது நேராகவே சாடியது. மருது சகோதரர்களுக்கும் கம்பெனிக்கும் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூலை 31 அன்று புதிய நவாப் அசீம் உத் தௌலா இன்னொரு உடன்படிக்கையில் கர்நாடகம் முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். காளையார்கோவில் இன்னும் விழவில்லை. ஆனால் அதன் ஆட்சி காகிதத்தில் கைமாறிவிட்டது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர், கண்டரமாணிக்கத்துக்கு எட்டிப்பிடிக்கும் தூரம்தான். 1803 இல் சிவகங்கை, கம்பெனியிடம் சனது (உரிமைப் பத்திரம்) பெற்ற ஜமீன் ஆனது. பாளையம் என்ற சொல்லே போயிற்று.

கம்பெனியின் ஆட்சி ஒரு கையால் இந்தச் சீமையின் அரசைப் பறித்தது. மறு கையால் இதே சீமையின் வணிகர்களுக்குக் கடலைத் திறந்துவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் செட்டிநாட்டு வரலாறு முழுமையாகாது.

கடல் கடந்து தொழிலுக்குப் போவதை நகரத்தார் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். கப்பலேறி, மூன்றாண்டுக் கணக்குக்குக் கிட்டங்கி என்ற கடைக்கட்டடத்தில் கணக்குப் பெட்டிக்கு முன் உட்கார்ந்து, தவணை முடிந்து ஊர் திரும்புவது வழக்கமாக இருந்தது. தெனாசரிமின் மோல்மேன் வழியாக நுழைந்தவர்களுக்கு, 1852 இல் நடந்த இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்குப் பின் ரங்கூனும் கீழ் பர்மாவும் திறந்தன. அந்த முறை உடன்படிக்கையே இல்லை. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஓர் அறிவிப்பில் கீழ் பர்மாவின் பெகுவை இணைத்துக்கொண்டார். பிறகு அரியணை ஏறிய மிண்டோன் அரசர், நாட்டை எழுதிக் கொடுக்கும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடக் கடைசிவரை மறுத்தார். 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மாவும் ஓர் அறிவிப்பில் போயிற்று. பர்மியர் மனத்தில் இது ஆறவே இல்லை. அந்த மண்ணில் முதல் போட்டவர்கள், அந்த மண் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருந்தது.

1850களில் பத்து லட்சம் ஏக்கருக்குள் இருந்த கீழ் பர்மாவின் நெல் பரப்பு 1930களில் எண்பது லட்சத்தைத் தாண்டியது. காடு வெட்டியவர்கள் பர்மியக் குடியானவர்கள். கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். 1930 ஆம் ஆண்டின் பர்மா வங்கி விசாரணைக் குழு, சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவற்றின் முதல் 75 கோடி ரூபாய் இருக்கும் என்றும் மதிப்பிட்டது. அந்த நேரத்தில்தான் உலகப் பொருளாதார வீழ்ச்சி நெல் விலையைத் தரைமட்டமாக்கியது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் வந்தது. பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் கை நிலம், 1938 இல் 25 விழுக்காடானது.

வட்டிக்கு விட்டவர் கேட்டது பணம். கிடைத்தது சேறும் பகையும். அதே நேரம், தன் கையால் திருத்திய வயலை இழந்த பர்மியக் குடியானவனின் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதையும் இங்கே ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை ஒரே நாட்டின் மாகாணத்தில் தொழில் செய்தவர் மறுநாள் அயல்நாட்டில் இருந்தார். 1941 இல் டெல்லியும் ரங்கூனும் செய்துகொண்ட குடியேற்ற ஒப்பந்தம் இந்தியரை அனுமதிச் சீட்டுக்குள் நிறுத்தியது. காந்தியடிகளே அதைக் கண்டித்தார். அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. மிச்சத்தைக் காட்டுப்பாதையில் இந்தியாவுக்கு நடந்து வந்தவர்களின் கால்கள் அறியும்.

போர் முடிந்தபின் திரும்பிப் போனவர்கள் ஒரு புதிய குடியரசைச் சந்தித்தார்கள். 1948 ஜனவரி 4 அன்று பிறந்த பர்மா ஒன்றியத்தின் அரசமைப்பு, 30 ஆம் பிரிவில், நிலம் அனைத்துக்கும் இறுதி உரிமையாளர் அரசே என்றது. அதே ஆண்டில் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1953 இல் அது திருத்தி எழுதப்பட்டு நடைமுறைக்கு வந்தது. இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. சுதந்திரத்துக்கு முன் 1947 அக்டோபர் 17 அன்று லண்டனில் பர்மியத் தலைவர் ஊ நூவும் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையோடு சில கடிதங்களும் பரிமாறப்பட்டன. பிரிட்டிஷ் நிறுவனங்களின் சொத்தை எடுத்தால் நியாயமான இழப்பீடு என்ற உறுதி அவற்றில் இருந்தது. பிரிட்டிஷ் கொடியின் கீழ் போன செட்டிநாட்டுக்காரருக்காக அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. 1951 இல் இந்தியாவும் பர்மாவும் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டன. வணிகம், குடியேற்றம் முதலியவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றது அது. நிலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆனால் பர்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. அதே 1948 இல் சென்னை மாகாணமும் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1803 இன் சனதில் பிறந்த சிவகங்கை ஜமீன் அதோடு முடிந்தது. உழுதவனுக்கு நிலம் என்று இரு புதிய நாடுகளும் ஒரே நேரத்தில் சொல்லின. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டு மகிழ்ந்த ஊர்களிலேயே, அங்கே அதே சொல்லால் வயலை இழந்தவர்களும் இருந்தார்கள்.

1962 இல் பர்மியப் படைத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963 இல் வங்கிகளும் 1964 இல் கடைகளும் அரசுடைமை ஆயின. ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. அங்கிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களின் நினைவைக் காரைக்குடியின் பர்மா காலனியும் சென்னையின் பர்மா பஜாரும் இன்றும் சுமக்கின்றன.

இலங்கையிலும் இதே கதைதான்; அங்கே பங்கு போடப்பட்டது நிலமல்ல, ஆட்கள். 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாக வகுத்துக்கொண்டார்கள். அந்த மக்களின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பிறந்தது திருப்பத்தூர்ப் பக்கத்து மூனாபுதூரில். 1972 இல் இலங்கை குடியரசு ஆனபோதும் அவருடைய மக்களில் பெரும்பகுதியினருக்கு அந்தக் குடியரசில் வாக்கு இல்லை. கடைசியாக எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003 இல்தான் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

உடன்படிக்கைகளின் மூலப்படிகள் டெல்லியிலும் லண்டனிலும் பத்திரமாக இருக்கின்றன. அவை மனிதர்களை என்ன செய்தன என்பதற்கான சான்று கண்டரமாணிக்கம் போன்ற ஊர்களின் இரும்புப் பெட்டிகளில் இருக்கிறது: ரங்கூன் கிட்டங்கிப் பேரேடு, ஈட்டுப் பத்திரம், நிலவரி ரசீது, அடுத்தாள் (உதவி முகவர்) எழுதிய கடிதம். அவற்றில் பல ஏற்கெனவே கரையானுக்கும் எடைக்கடைக்கும் போய்விட்டன. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு தனிமனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. உங்கள் வீட்டு மேல்மாடியில் அப்படி ஒரு கட்டு இருந்தால், வளவு கைமாறும் முன் அதை அங்கேயோ காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.