நம் ஊர்க் கோட்டையும் இராபர்ட் கிளைவும்

பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 17 கிலோமீட்டர் வடக்கே சென்றால், பாறைக்குன்றின் மேல் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். பேருந்திலிருந்து எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறோம். ஆனால், பாடநூலில் படிக்கும் இராபர்ட் கிளைவ் இக்கோட்டையருகே தோற்றோடிய படையில் ஒருவன் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிளைவ் 1725-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தான். 1744-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தனாகச் சென்னைக்கு வந்தான். அப்போது அவனுக்கு வயது 18. சம்பளமோ ஆண்டுக்கு 5 பவுன்! 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, மாறுவேடம் பூண்டு கடலூர் அருகிலுள்ள புனித டேவிட் கோட்டைக்குத் தப்பினான். அங்கே எழுதுகோலை விட்டு வாளை ஏந்தினான்.

அந்நாளில் ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகம்மது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டனர். முன்னவருக்கு ஆங்கிலேயரும், பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். திருச்சிராப்பள்ளி முகம்மது அலியின் கையில் இருந்தது. அதற்குச் செல்லும் வழியில் இருந்ததால் வாலிகண்டபுரத்துக் கோட்டை இரு தரப்பாருக்கும் தேவைப்பட்டது. கோட்டைத் தலைவரோ எப்பக்கமும் சேராமல் காலம் கடத்தினார். 1751-இல் பொறுமையிழந்த ஆங்கிலப் படை பேட்டையைத் தாக்கித் தீயிட்டது. உடனே அவர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார். பீரங்கிகள் முழங்கவே ஆங்கிலச் சிப்பாய்கள் சிதறி ஓடினர். தளபதி ஜிஞ்சன்சும் கிளைவும் தடுத்தும் பயனில்லை.

அத்தோல்வியால் கிளைவ் சோர்ந்துவிடவில்லை. எதிரியின் கவனத்தைத் திருச்சியிலிருந்து திருப்ப, தலைநகராகிய ஆர்க்காட்டையே பிடிக்கலாம் என்றான். 200 ஐரோப்பியரும் 300 இந்தியச் சிப்பாய்களும் கொண்ட சிறு படையுடன் அதைக் கைப்பற்றி, 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்றான். உணவு குறைந்தபோது சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியைத் தாங்கள் குடித்தனர் நம் நாட்டுச் சிப்பாய்கள் என்று சொல்வதுண்டு. கிளைவின் பெயர் உலகறியும். அந்தச் சிப்பாய்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

மறு ஆண்டு, 1752-இல், கிளைவ் மீண்டும் நம் பகுதிக்கு வந்தான். ஊட்டத்தூரிலிருந்து பின்வாங்கிய பிரெஞ்சுத் தளபதி தோத்தேயைத் துரத்திச் சென்று, அதே வாலிகண்டபுரத்தில் சரணடையச் செய்தான். தோற்ற இடத்திலேயே வென்றான்! அவனுடைய விடாமுயற்சியை நாம் மெச்சத்தான் வேண்டும்.

ஆனால், தோழியரே, கதை அத்துடன் முடியவில்லை. 1757-இல் பிளாசியில் வென்றபின், மீர் ஜாபர் அளித்த ஜாகீரால் கிளைவுக்கு ஆண்டுக்கு 27,000 பவுன் வருமானம் கிடைத்தது. 5 பவுன் எங்கே, 27,000 பவுன் எங்கே! 1765-இல் வங்காளத்தின் வரி வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்குப் பெற்றுத் தந்தான். ஐந்தே ஆண்டுகளில் அங்கே கொடும் பஞ்சம் வந்தது. மழை பொய்த்தும் வரித்தண்டல் ஓயவில்லை. பல இலட்சம் மக்கள் மாண்டனர். அதே 1765-இல்தான் நவாபின் படை ஆங்கிலேயர் துணையுடன் அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களைக் கைப்பற்றியது. எந்த நவாபுக்காகப் போரிட்டார்களோ, அவருடைய வழியினரின் நாட்டையும் 1801-இல் கம்பெனியே எடுத்துக்கொண்டது.

இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிளைவின் செல்வத்தைப் பற்றி விசாரித்தது. தண்டனை இல்லை, மன அமைதியும் இல்லை. 1774-இல், 49-ஆம் வயதில் இலண்டனில் இறந்தான்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பது யாது? துணிவும் விடாமுயற்சியும் சிறந்த குணங்களே. ஆயினும், அவை எதற்குப் பயன்படுகின்றன என்பதே பெரிது. நம்மவர் இருவர் சண்டையிட்டால் மூன்றாமவர் வீட்டுக்குள் நுழைவார் என்பதும் கண்கூடு.

இனிமேல் அவ்வழியே செல்லும்போது கோட்டையைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். வென்றவனை மட்டுமன்று, தீக்கிரையான பேட்டையில் வாழ்ந்த எளிய மக்களையும் நினையுங்கள். அவர்கள் நம் ஊரார் அல்லவா?