அதிதி அசோக்கின் பலம் குழியருகே: கோல்ஃபில் 'புட்டிங்' பயிற்சி ஏன் அவசியம்?

பெங்களூரு: டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் கோல்ஃபில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டு 4-ஆம் இடம் பெற்றவர் பெங்களூரு வீராங்கனை அதிதி அசோக். 2021 ஆகஸ்ட் 7-இல் நிறைவடைந்த அப்போட்டியில், பந்தைத் தொலைதூரம் அடிப்பதில் முன்னணி வீராங்கனைகளைவிட அவர் பின்தங்கியே இருந்தார். சில மாதங்களுக்கு முன் ஏற்பட்ட கரோனா தொற்றும் அவரது வலுவைக் குறைத்திருந்தது. அதை ஈடுகட்டியது 'புட்டிங்'. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட புல்தரையில் பந்தை உருட்டிக் குழிக்குள் சேர்க்கும் அடி இது.

18 குழிகளுக்கு 72 அடிகள் என்பது வழக்கமான இலக்கு. அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் புட்டிங்கிற்கானவை, அதாவது சரிபாதி. 200 மீட்டர் பறக்கும் அடியும், ஒரு சாண் உருளும் அடியும் கணக்கில் ஒன்றே. ஆயினும் பயிற்சி நேரத்தைத் தொலைதூர அடிகளிலேயே செலவிடுவோர் பலர்.

தொலைவிலிருந்து உருட்டும்போது திசையைவிட வேகமே அதிகம் பிசகும். எனவே 3, 6, 9 மீட்டர் என இடம் மாற்றி, பந்து குழியருகே நிற்கும்படி உருட்டிப் பழகுவது முதல் படி. எஞ்சும் ஒரு மீட்டர் தூரத்தைத் தவறாமல் முடிப்பது அடுத்தது. வீட்டுக் கம்பளத்தில் திசையைச் சீராக்கலாம். சரிவையும் வேகத்தையும் மைதானத்தில்தான் கற்க இயலும். அதிதியும் ஐந்து வயதில் பெங்களூருவின் கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில்தான் இவ்விளையாட்டைத் தொடங்கினார்.