மூக்கின் வடிவமும் மூச்சின் வழியும்

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836-இல் மனித சரீரத்தை அறுத்துக் காட்டி நவீன வைத்தியக் கல்விக்கு வழிதிறந்த மதுசூதன குப்தர், அதே காலத்தில் சுசுருத சம்ஹிதையின் சம்ஸ்கிருத மூலத்தையும் அந்நகரில் அச்சேற்றினார். அறுபட்ட மூக்கைக் கன்னத்துச் சதையால் அமைக்கும் விதியைக் கூறும் அந்நூல், ஒட்டிய சதை தொங்கிச் சரியாதிருக்கவும் சுவாசம் தடைப்படாதிருக்கவும் நாசித் துவாரங்கள் இரண்டிலும் குழல்களைச் செருகச் சொல்கிறது. வடிவத்தையும் சுவாசத்தையும் ஒரே தாங்குதலால் காக்கவேண்டும் என்ற அந்த ஞானத்தை நான் பெரிதும் போற்றுகிறேன்.

ஏனெனில், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அழகுக்கான மூக்குச் சிகிச்சை, திமிலைச் சீவுவது, நுனியைக் குறைப்பது என்று நீக்குவதையே பிரதானமாகக் கொண்டிருந்தது. மூக்கின் மேற்பகுதிதான் எலும்பு. கீழே வடிவம் தருவது குருத்தெலும்பே. நடுச்சுவரும் பக்கக் குருத்தெலும்பும் கூடும் கோணம், ஐரோப்பியர் மூக்கில் பொதுவாக 10 முதல் 15 பாகையே உள்ள, மூச்சுப் பாதையின் மிக ஒடுங்கிய வாயில். தாங்குதல் அகற்றப்பட்ட மூக்கில், ஆறும் தழும்பு சுருங்கிச் சுருங்கி அவ்வாயிலை இறுக்க, மூச்சை இழுக்குந்தோறும் பக்கச்சுவர் உள்வாங்க, ஆரம்பத்தில் அழகாகத் தோன்றிய முகம் சில வருஷங்களில் நடுமூக்குக் கிள்ளியதுபோலாகி, வாயால் சுவாசிக்கும் நிலைக்கு வந்துவிடும்.

இதற்குப் பரிகாரமாக அமெரிக்க வைத்தியர் ஜாக் ஷீன் 1984-இல் விவரித்த முறையில், தீக்குச்சி போன்ற குருத்தெலும்புத் துண்டுகள் நடுச்சுவரின் இருபுறமும் மேற்பகுதியில் பொருத்தப்பட்டு, அந்தக் கோணம் விரிக்கப்படுகிறது. நுனி தாழாதிருக்க இரு துவாரங்களுக்கும் இடையே ஒரு தூணும், நாசிச் சிறகு உள்வாங்காதிருக்க அதன் மேற்பக்கத்தில் ஒரு பட்டையும் வைப்பதுண்டு. துண்டுகளை நடுச்சுவரிலிருந்தே எடுக்கலாம்; ஆயினும் அதன் மேற்புறத்திலும் முன்புறத்திலும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையை விட்டுவைப்பது இன்றியமையாதது, அன்றேல் மூக்கின் முதுகே குழிந்துவிடும். அங்கே போதாதபோது காது உதவும், ஆனால் அது வளைந்தது, மெல்லியது. முன்னமே பலமுறை அறுக்கப்பட்ட மூக்குக்கு விலா எலும்பின் குருத்தே வலிமை தரும், அதுவும் செதுக்கிய பின் கோணிக்கொள்ளக்கூடும்.

ஆகவே கொல்கத்தாவிலாயினும் சென்னையிலாயினும் இச்சிகிச்சையை நாடுவோர், எவ்வளவு குறைப்பீர்கள் என்பதோடு, எதைக் கொண்டு தாங்குவீர்கள், என் மூச்சுப் பாதையைச் சோதித்தீர்களா என்றும் வைத்தியரைத் தயங்காமல் கேட்கவேண்டும். வீக்கம் முற்றிலும் வடிய ஏறக்குறைய ஒரு வருஷமாகும். தடித்த தோலுள்ள நம்மவர்க்கு இன்னும் தாமதமாகலாம். திருத்தச் சிகிச்சை தேவைப்படினும், நல்ல வைத்தியர்கள் பெரும்பாலும் அதுவரை கத்தியைத் தொடுவதில்லை.