கரும்பலகை முன் முதல் நாள்

நாற்பது பிள்ளைகள். எண்பது கண்கள். அத்தனையும் உங்களையே பார்க்கின்றன. கையில் சாக்குக்கட்டி இருக்கிறது, நாக்குதான் எழவில்லை! பயிற்சி ஆசிரியர் பலருக்கு முதல் நாள் இப்படித்தான்.

பாடம் தெரிந்தால் போதாது, சொல்லித் தரவும் பழக வேண்டும். இதற்கென்றே 1856-ல் சென்னையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிதான் பிறகு சைதாப்பேட்டைக் கல்லூரி ஆயிற்று. இன்று 2 ஆண்டு பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளிக்கூடத்திலேயே பழக வேண்டும்.

கல்லாவியிலிருந்து ஓசூர்ப் பக்கம் பாடம் நடத்தப் போகிறவருக்கு இன்னொரு சோதனை உண்டு. அங்கே சில வீடுகளில் தெலுங்கு. சில வீடுகளில் கன்னடம். பிள்ளை பதில் சொல்லாமல் விழித்தால், 'மக்கு' என்று எண்ணிவிடாதீர்கள். கேள்வியே புரியாமல் இருக்கலாம். ஒரு டம்ளர் பாலைக் காட்டி, "உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்?" என்று கேளுங்கள். "பாலு" என்பான் ஒருவன். "ஹாலு" என்பாள் ஒருத்தி. உடனே பலகையில் 'பால்' என்று எழுதுங்கள். வாய் திறந்த பிள்ளை, நாளைக்கும் திறக்கும்.

பாடக்குறிப்பை முதல் நாள் இரவே எழுதி, வீட்டில் ஒரு முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். வெட்கம் வேண்டாம். மறுநாள் பலகையில் எழுதியதும் கடைசி பெஞ்சுக்குப் போய் நின்று பாருங்கள். எழுத்து சிறிதா, சாய்கிறதா என்பது அங்கிருந்துதான் தெரியும்.