பஞ்சாயத்துக் கணிப்பொறிகளும் நிர்வாகிகளின் பயிற்சியும்

கணக்குச் சரியாயிருந்தால்தான் கிராம நிர்வாகம் சரியாயிருக்கும். முன்னாளில் அக்கணக்கு கர்ணத்தின் பெட்டியிலிருந்த ஏடுகளில் இருந்தது. இந்நாளில் அது பெரும்பாலும் கணிப்பொறியின் வழியே நடைபெறுகிறது. பஞ்சாயத்துகளின் திட்டங்களையும் வரவு செலவையும் பதிவதற்கென மத்திய சர்க்கார் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்னும் இணையதளத்தை 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி தொடங்கிற்று. வீட்டு வரியை இணைய வழியே செலுத்தும் வசதி நம் மாநிலத்துக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2023-ஆம் ஆண்டில் வந்தது. பட்டா, சிட்டா விவரங்களையும் விவசாயி இப்பொழுது கணிப்பொறியிலேயே பார்க்கிறார்.

ஆகவே, அலுவலகத்து மேஜைமேல் இருக்கும் அச்சிறு யந்திரத்தை யார் ஒழுங்கு செய்கிறார், எவ்வாறு ஒழுங்கு செய்கிறார் என்பது பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய விஷயமாகும்.

ஸ்ரீமதுரையை எண்ணிப் பார்ப்போம்

நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தில், முதுமலைக் காட்டை அடுத்து அமைந்திருப்பது ஸ்ரீமதுரை. நெல், வாழை, இஞ்சி, மிளகு, தேயிலை ஆகியவை விளையும் பகுதி அது. மாவட்டத் தலைநகரான உதகமண்டலம் கூடலூரிலிருந்து மலைப்பாதையில் சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் காலத்தில் மரம் சாய்வதும், மண் சரிவதும், மின்சாரம் தடைப்படுவதும் இப்பகுதியினர் அறியாததல்ல.

இத்தகைய ஊரில் ஒரு கணிப்பொறியின் அமைப்பு கெட்டுவிட்டால் என் செய்வது? அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் மலையேறி வரவேண்டும். அவர் வரும்வரை பஞ்சாயத்து வேலை நிற்கும். வந்தவரும் அந்த ஒன்றைச் சரிசெய்வாரேயன்றி, அடுத்த ஊரிலுள்ளது அதே குறையால் நாளை நிற்பதைத் தடுக்கமாட்டார். ஒவ்வொரு யந்திரமும் ஒவ்வொருவர் கைப்போக்கில் அமைந்திருப்பதே இத்துன்பத்துக்கு மூலகாரணம்.

அடுத்த மாவட்டத்தில் நேர்ந்தது

கூடலூருக்கு அண்டையிலுள்ளது கேரளத்தின் வயநாடு மாவட்டம். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில், அம்மாவட்டத்துத் தரியோடு கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தில், வாரவிடுமுறை கழிந்து ஊழியர்கள் கணிப்பொறிகளைத் திறந்தபோது கோப்புகள் பூட்டப்பட்டுக் கிடந்தன. 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடுத்தால் திறந்துவிடுவதாகத் திரையில் அறிவிப்புத் தோன்றிற்று. உலகெங்கும் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கிய ‘வானாக்ரை’ என்னும் தீநிரலின் செயல் அது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அத்தீநிரல் நுழைந்த வழியை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14-ந் தேதியே வெளியிட்டிருந்தது. மருந்து வந்து இரண்டு மாதம் ஆகியும் எண்ணற்ற யந்திரங்களுக்கு அது போய்ச் சேரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் நேரில் சென்று மருந்திட வேண்டும் என்றிருந்தால், கடைக்கோடியிலுள்ள கிராமத்துக்கு மருந்து கடைசியில்தான் சேரும், நோயோ காத்திராது.

கணக்கு முழுவதும் மாநிலத்தின் அல்லது மத்திய சர்க்காரின் பெருங்கணிப்பொறியில் பத்திரமாக இருக்கிறதே என்று சிலர் கருதலாம். கணக்கு அங்கே இருப்பது மெய்யே. ஆயினும் தீர்மான நகல்கள், மனுக்கள், பயனாளிகள் பட்டியல், ஒப்பந்தப் பத்திரங்கள் முதலியன அலுவலகத்து யந்திரத்தில்தான் இருக்கின்றன. பணம் வழங்க உதவும் மின்னணுக் கையொப்பச் சாதனமும் அதில்தான் செருகப்படுகிறது. கடவுச்சொல்லும் அதில்தான் தட்டப்படுகிறது. வாயிற்கதவு திறந்து கிடந்தால் உள்ளறைப் பூட்டு எத்தனை வலிதாயினும் என்ன பயன்?

ஓரிடத்திலிருந்து ஒழுங்கு செய்தல்

ஏரிப் பாசனமுள்ள சமவெளிக் கிராமங்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையை எப்போது எவ்வளவு திறப்பது என்பது அவர் பொறுப்பு. ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் மடையைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் சேராது. கணிப்பொறிகளை மத்தியிலிருந்து நிர்வகிப்பதும் இதனை ஒத்ததே.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் 2000-உடன் ‘ஆக்டிவ் டைரக்டரி’ என்னும் பதிவேட்டையும், ‘குரூப் பாலிசி’ என்னும் ஆணைமுறையையும் அளித்தது. பதிவேட்டில் ஒவ்வொரு கணிப்பொறியும் ஒவ்வொரு ஊழியரும் பெயரோடு பதிவாகின்றனர். அவற்றை மாவட்டம், யூனியன், அலுவலகம் என்று பிரித்து வகுக்கலாம். நிர்வாகி ஆணையை ஒருமுறை எழுதி வைத்தால், கணிப்பொறிகள் தாமே அதனைக் கேட்டுப் பெறுகின்றன. யந்திரம் திறக்கும்போது ஒருமுறையும், பின்னர் சுமார் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் இது நடைபெறும்.

ஆணைகளுக்குள் முரண்பாடு நேர்ந்தால் எது நிலைக்கும்? சட்டத்தில் மேலிடத்து ஆணை வெல்வது வழக்கம். இம்முறையிலோ, யந்திரத்துக்கு மிக அண்மையிலுள்ள பிரிவுக்கு இடப்பட்ட ஆணை இறுதியில் வந்து நிலைக்கும். மேலிடத்தில் ‘கட்டாயம்’ என்று குறிக்கப்பட்டவை மட்டுமே மாறா. இதனை அறியாத நிர்வாகி, தாம் இட்ட ஆணை ஏன் செல்லவில்லை என்று திகைப்பார். பயிற்சியின் அவசியம் இங்கேயே தொடங்குகிறது.

விண்டோஸ் அல்லாத வழியும் உண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னை நிலையம் உருவாக்கி 2007-ஆம் ஆண்டில் வெளியான ‘பாஸ்’ லினக்ஸ் நம் நாட்டு மொழிகளுக்கு இடம் தருவது; விலையின்றிக் கிடைப்பது. லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றை ஓரிடத்திலிருந்து ஒழுங்கு செய்ய 2012-ஆம் ஆண்டில் வந்த ‘ஆன்சிபிள்’ போன்ற சாதனங்கள் உள்ளன. கணிப்பொறி எந்நிலையில் இருத்தல் வேண்டும் என்பதை எளிய எழுத்துக் கோப்பில் எழுதி வைத்தால், மாறுபட்டிருப்பதை மட்டும் அது திருத்தும்.

மலைப்பகுதிக்கு உகந்ததா?

தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் இம்முறை பயன்படுமா என்ற ஐயம் எழுவது இயற்கை. தொடர்பு அறுந்த காலத்தில், கடைசியாகப் பெற்ற ஆணைகளே யந்திரத்தில் நீடிக்கின்றன. குரூப் பாலிசி முறையில், இணைப்பின் வேகம் வினாடிக்கு 500 கிலோபிட்டுக்குக் குறைந்தால், பெரிய மென்பொருள்களை அனுப்புவது வழக்கமாக நிறுத்தி வைக்கப்படும். பாதுகாப்பு ஆணைகளோ எந்நிலையிலும் செல்லும். அவை அளவில் சிறியவை. குறுகிய வாய்க்காலில் குடிநீர் முதலில் போகட்டும், மற்றவை பின்னர் ஆகட்டும் என்னும் ஏற்பாடு இது.

தமிழுக்கும் ஒழுங்கு வேண்டும்

ஒரு சிறு உதாரணம் கூறுவோம். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் ‘தமிழ்99’ விசைப்பலகை தரமாக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் யூனிகோடு முறையைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. இருப்பினும், பழைய எழுத்துருவில் தட்டிய மனு மற்றோர் அலுவலகத்தில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றுவதை நாம் காண்கிறோம். விவசாயியின் மனு படிக்க முடியாததாகிக் கிடந்தால் தாமதம் அவருக்குத்தான். எல்லாக் கணிப்பொறிகளுக்கும் ஒரே விசைப்பலகை, ஒரே குறியீட்டு முறை என்று மத்தியிலிருந்து ஒருமுறை வகுத்துவிட்டால் இத்தொல்லை பெரிதும் நீங்கும்.

பயிற்சியற்ற கையில் அதிகாரம்

ஓரிடத்திலிருந்து யாவற்றையும் ஒழுங்கு செய்யலாம் என்றால், ஓரிடத்திலிருந்து யாவற்றையும் கெடுக்கவும் கூடும் என்பது பொருள். 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தம் ஒன்றினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றுபோயின என்று மைக்ரோசாப்ட் கணித்தது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தவித்தன. அனுப்ப நிமிஷங்கள் போதுமாயிருந்தன. மீட்கவோ பெருவாரியான யந்திரங்களின் அருகில் ஆட்கள் சென்று கையால் திருத்த வேண்டியதாயிற்று. தேர்ந்த நிறுவனத்துக்கே இது நேர்ந்ததாயின், பயிலாதவர் கையில் இவ்வதிகாரம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பயிற்சியில் இடம்பெற வேண்டியவை

1. கணக்கெடுப்பு: எந்த அலுவலகத்தில் எத்தனை யந்திரங்கள், எவ்வயதின, எம்மென்பொருள் உள்ளன என்று பதிவேடு எழுதுதல். விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. அவ்வகை யந்திரங்களை அறிதல் உடனடித் தேவை.

2. பரீட்சித்தல்: புதிய விதையை முதலில் ஒரு பாத்தியில் இட்டுப் பார்ப்பதுபோல், எந்த ஆணையையும் இரண்டு மூன்று யந்திரங்களில் இட்டுச் சில நாள் கண்டபின்பே மற்றவற்றுக்கு அனுப்புதல்.

3. மீட்டல்: மாற்றுவதற்குமுன் பழைய நிலையைப் பத்திரப்படுத்துதல், திரும்பிச் செல்லும் வழி அறியாமல் எதையும் தொடாதிருத்தல். கோப்புகளின் நகலைத் தொடர்பற்ற வேறோர் இடத்தில் வைத்தல்.

4. கடவுச்சொல் ஒழுங்கு: எல்லா யந்திரங்களிலும் ஒரே நிர்வாகக் கடவுச்சொல் இருந்தால், ஒன்று களவுபோனால் எல்லாம் களவுபோகும். யந்திரத்துக்கொன்றாகத் தாமே மாறும் கடவுச்சொல் முறையைக் கற்றல்.

5. பதிவும் சாட்சியும்: இன்ன நாளில் இன்னார் இன்ன காரணத்துக்காக மாற்றினார் என்று எழுதி வைத்தல்; பெரிய மாற்றங்களை இருவர் பார்த்தே அனுப்புதல்.

6. கேட்டறிதல்: ஆணையிடுமுன் அலுவலகத்து ஊழியரைக் கேட்டல். நில வரைபடம் கொணரும் சேமிப்புக் குச்சியைத் தடைசெய்தால் ஓர் அலுவலகத்தின் வேலையே நிற்கக்கூடும். இதை மத்தியில் இருப்பவர் அறியார். கிராமத்தில் இருப்பவரே அறிவார்.

பஞ்சாயத்தின் கடமை

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது, நாற்றையும் உரத்தையும் மட்டும் கிராமங்களுக்கு அனுப்பிவிடவில்லை. கிராம சேவகர்களுக்குப் பயிற்சி தந்து அனுப்பினர். அதே நெறி கணிப்பொறிக்கும் பொருந்தும். மறைமலைநகரிலுள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம், பவானிசாகர் முதலிய இடங்களிலுள்ள மண்டல நிலையங்கள் ஆகியவற்றின் பாடத்தில் இதற்கும் தக்க இடம் அளிப்பது நலம். யூனியனுக்கு இருவராவது இதில் தேர்ச்சி பெறுதல் வேண்டும். ஒருவர் விடுப்பில் சென்றாலும் மற்றவர் இருப்பார்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இக்கலையைக் கற்க வேண்டுவதில்லை. ஆனால் மூன்று வினாக்களை அவர்கள் கேட்கலாம். நம் கணிப்பொறிகளுக்குக் கடைசித் திருத்தம் எப்போது வந்தது? நம் கோப்புகளின் நகல் எங்கே இருக்கிறது, அதிலிருந்து மீட்டுப் பார்த்ததுண்டா? பழுது நேர்ந்தால் எவரைக் கூப்பிடுவது? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்குமாயின், அலுவலகம் நல்ல கையில் இருக்கிறது எனலாம்.

ஸ்ரீமதுரையின் விவசாயி மழையில் நனைந்து வந்து அலுவலக வாயிலில் நிற்கும்போது, ‘யந்திரம் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்’ என்ற சொல்லை அவர் கேட்கும்படி நேரலாகாது. அதற்காகவே இப்பயிற்சி.