ஆறாவது கிலோமீட்டரில் நிற்கும் புல்லட்

வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. இரண்டாவது, மூன்றாவது உதையில் எழுந்துகொள்ளும். ஊர் எல்லை தாண்டும்வரை சத்தம் சீராகவே இருக்கும். ஆறாவது கிலோமீட்டர் வாக்கில் இரண்டு முறை இருமும், அப்படியே நின்றுவிடும். எவ்வளவு உதைத்தாலும் அசையாது. புளியமரத்து நிழலில் தள்ளி நிறுத்தி, எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்து உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பிறகு மறுபடி ஆறு கிலோமீட்டர்.

மாமாவிடமிருந்து எனக்கு வந்த 1986 மாடல் புல்லட் அது. வீட்டு ஷெட்டில் பல வருடம் சாக்குப் போர்த்திக் கிடந்ததை நானே கழற்றித் துடைத்து ஓடவிட்டிருந்தேன். அதனால் கோளாறும் என் பொறுப்புதான். புது பிளக் போட்டேன். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன். இக்னிஷன் காயிலைக்கூட மாற்றினேன். ஆறாவது கிலோமீட்டர் மட்டும் மாறவில்லை.

கடைசியில் எங்கள் தெருக்கோடி மெக்கானிக்கிடம் போய் நின்றேன். நாற்பது வருடமாக புல்லட் மட்டுமே பார்ப்பவர். நான் மாற்றிய சாமான்களின் பட்டியலைப் பொறுமையாகக் கேட்டார்.

"எதையெல்லாம் மாத்துனேன்னு சொல்ற தம்பி. வண்டி நின்னப்போ எதைப் பாத்தேன்னு சொல்லலியே?"

பதில் இல்லை. நின்றபோது நான் டீக்கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறந்த புத்தகம்

இந்த இன்ஜினின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெடிச் நகரம். 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக்காவலுக்காக புல்லட்டுகளை வாங்க, 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூர் ஆலையில் சில வருடங்களிலேயே முழு வண்டியும் உள்ளூரில் தயாரானது. இங்கிலாந்து நிறுவனம் 1970-வாக்கில் மூடப்பட்ட பிறகும், அதன் வார்ப்பிரும்பு சிலிண்டர் இன்ஜின் சென்னையில் ஏறத்தாழ 2010 வரை பிறந்துகொண்டே இருந்தது. 70 மி.மீ. குறுக்களவு, 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. பெரிய மாற்றமில்லாமல் அரை நூற்றாண்டு ஓடிய கணக்கு.

வீட்டு ஷெட்டில் இயற்பியல் படிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. உள்ளே கணினி கிடையாது. ஒவ்வொரு வேலையையும் ஒரு பாகம் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறது. இன்ஜின் ஓட மூன்றே தேவைகள்: சரியான விகிதத்தில் பெட்ரோலும் காற்றும், அதை நெருக்கும் அழுத்தம், சரியான நொடியில் ஒரு மின்பொறி. நின்றால் மூன்றில் ஒன்று இல்லை என்று பொருள். எது என்பதுதான் கேள்வி.

என் வண்டியின் சிக்கல், ஆறியதும் தடயம் அழிந்துவிடும். நின்ற முதல் ஐந்து நிமிடத்துக்குள் விசாரணையை முடித்தாக வேண்டும். மெக்கானிக் அண்ணன் நாலு கேள்வி சொன்னார். ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: "அதுவரைக்கும் ஒரு நட்டைக்கூடத் தொடாத."

டேங்க் மூடி சொன்ன பொய்

அட்டையின் முதல் கேள்வி டேங்க் மூடியைப் பற்றியது. என் மனதில் இருந்த குற்றவாளியும் அதுதான். அதில் ஊசித்துளை போன்ற ஒரு காற்றுவழி உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் அழுத்தம் குறையும். ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்காது.

எவ்வளவு குறைந்தால் இறங்காது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை பெட்ரோல் நிற்கும் உயரம் சுமார் 30 செ.மீ. அந்த உயரம் தரும் அழுத்தம், காற்று மண்டல அழுத்தத்தில் சுமார் 2 சதவீதம்தான். டேங்கில் ஏழு லிட்டர் அளவு காற்று இருந்தால், 150 மில்லி பெட்ரோல் இறங்கியதுமே அந்த 2 சதவீதம் குறைந்துவிடும். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்று வைத்தால் 150 மில்லிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருப்பதையும் சேர்த்தால்? கிட்டத்தட்ட ஆறு!

கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியதும் துள்ளிக் குதித்தேன். அடுத்த முறை வண்டி நின்றதும் முதல் வேலையாக மூடியைத் திறந்தேன். காற்று உள்ளே இழுபடும் 'உஸ்' சத்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திறந்த மூடியோடு உதைத்தேன், எழவில்லை. என் அழகான கணக்கு அந்த இடத்திலேயே செத்தது. கணக்கில் தவறில்லை, அந்த நோய் இந்த வண்டிக்கு இல்லை, அவ்வளவுதான்.

சூட்டில் பெருக்கும் பிஸ்டன்

இரண்டாவது கேள்வி கிக்கரைப் பற்றியது. சூடானதும் நிற்கும் இன்ஜினில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். 70 மி.மீ. அலுமினியம் 200 டிகிரி சூடேறினால் 0.3 மி.மீ. பெருக்கும். சிலிண்டரோ அவ்வளவு சூடாவதுமில்லை, அவ்வளவு விரிவதுமில்லை. 100 டிகிரி ஏறினால் 0.08 மி.மீ.தான். அதனால்தான் அதிகச் சூடு வாங்கும் பிஸ்டன் தலையை, அடிப்பாகத்தைவிடச் சற்றுச் சிறுத்தே கடைகிறார்கள். புது பிஸ்டன் போட்ட வண்டியைச் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொல்வதும் இந்த மயிரிழை இடைவெளிக்காகத்தான்.

கிக்கரைக் கையால் அழுத்தினேன். வழக்கம்போல இறங்கி, அழுத்தம் வந்த இடத்தில் பஞ்சு மூட்டைமேல் கை வைத்ததுபோல எதிர்த்து நின்றது. பிடிப்பு இல்லை, ரிங்கும் வால்வும் காற்றைத் தாங்குகின்றன. ஒருவேளை எதிர்ப்பு இல்லாமல் தொளதொளவென்று இறங்கியிருந்தால் அதற்கும் ஒரு சோதனை உண்டு: பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்ப்பது. எதிர்ப்பு கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு ஒழுகுகிறது.

மூன்றாவது கேள்வி, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறதா? அடித்திருகைத் தளர்த்தியதும் ஒரு சிறு புட்டியில் பெட்ரோல் சுத்தமாக இறங்கியது. பழைய வண்டிக்காரர்கள் இப்படிப் புட்டியில் பிடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. இன்று பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பழைய ரப்பர் வாஷர்களும் இதில் ஊறி உப்பலாம். தவிர, ஒரு கிலோ வெறும் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; 20 சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 13.5 கிலோ போதும். பழைய கணக்குக்குத் துளையிட்ட கார்புரேட்டர் ஜெட், இந்தப் பெட்ரோலைத் தேவையைவிடக் கொஞ்சம் கம்மியாகவே தருகிறது. மாதக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால் கிண்ணத்தை வடித்துவிடுவது உத்தமம். பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின்தான் மயிர் நுழையும் பைலட் ஜெட்டை அடைக்கிறது.

நாலாவது கேள்வி

மிச்சம் இருந்தது மின்பொறி. பெட்ரோல் குழாயை மூடி, சிந்தியதைத் துடைத்து, ஆவி கலையக் கொஞ்சம் விலகி நின்ற பிறகே பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோலும் பொறியும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டிய இடம் சிலிண்டர் மட்டும்தான். பிளக் முனை நனைந்திருந்தது: பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. பிளக்கை, அதன் துளையிலிருந்து தள்ளி, சிலிண்டர் ஹெட்டில் ஒட்டிவைத்து உதைத்தேன். வெயிலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத, மெலிந்த மஞ்சள் பொறி.

இதைத்தான் முன்பு ஒருமுறை ஷெட்டில் பார்த்து, 'பொறி வருகிறதே' என்று விட்டிருந்தேன். வெளியே வரும் பொறி உள்ளேயும் வரும் என்று நினைத்தது பிசகு. சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்பட்டிருக்கிறது. நெருங்கிய காற்றைத் துளைத்துப் பாய மின்சாரத்துக்கு அதிக வோல்ட் வேண்டும். திறந்தவெளியில் தட்டுத் தடுமாறித் தாண்டும் பொறி, உள்ளே தாண்டாது.

இந்தப் பொறி பிறக்கும் வழியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செம்மைப்படுத்தியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். பேட்டரியின் மின்சாரம் காயிலுக்குள் ஓடி ஒரு காந்தப்புலத்தைக் கட்டுகிறது. பாயிண்ட் என்கிற சின்ன சுவிட்ச் சட்டென்று திறந்து ஓட்டத்தை வெட்டுகிறது. வேகமாக ஓடும் தண்ணீர்க்குழாயைத் திடீரென்று மூடினால் குழாயே டங்கென்று அதிருமே, அதே கதைதான். வெட்டுப்பட்ட ஓட்டம் காயிலின் முதல் சுருளில் சில நூறு வோல்ட்டாக எகிறும்; ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாவது சுருளில் அது பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும். பிளக்கில் பொறி.

ஆனால் ஒரு சிக்கல். பாயிண்ட் திறக்கும் இடைவெளி வெறும் 0.35 முதல் 0.40 மி.மீ., ஒரு விசிட்டிங் கார்டின் கனம். எகிறிய வோல்ட், பிளக்குக்குப் போகாமல் அந்தச் சந்திலேயே தாவிவிடப் பார்க்கும். தாவினால் ஓட்டம் வெட்டுப்படாது. காந்தப்புலம் மெதுவாகச் சோர்ந்துபோகும். இதைத் தடுக்கத்தான் பாயிண்டுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் அளவில் கண்டென்சர் என்ற ஒரு டப்பி. எகிறும் மின்சாரம் ஒதுங்க அது ஒரு சின்னத் தொட்டி. அது நிரம்புவதற்குள் பாயிண்ட் போதிய தூரம் விலகிவிடும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது இந்த நாடகம் நொடிக்கு 25 முறை நடக்கிறது.

பாயிண்ட் மூடியைத் திறந்தேன். ஒரு முகத்தில் குழி, எதிர்முகத்தில் மேடு, சுற்றிலும் கரி. நாலு கேள்வியும் இப்போது ஒரே பக்கம் கை காட்டின. அந்தக் கண்டென்சர், வண்டியை எழுப்பியபோது நானே மலிவாக வாங்கிப் போட்டது.

ஹேர் டிரையர் சாட்சி

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. கண்டென்சர் உட்கார்ந்திருப்பது இன்ஜினை ஒட்டிய பெட்டிக்குள். உள்ளே மெல்லிய உலோகத் தகடும் காப்புப்படலமும் சுருட்டப்பட்டிருக்கும். சூட்டில் அந்தக் காப்பு கசியலாம். அல்லது உள்ளிருக்கும் இணைப்பு விரிந்து விலகி, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். எதுவானாலும் சூடுதான் காரணம் என்றால், இன்ஜினை ஓட்டாமலே கோளாறை வரவழைக்க முடிய வேண்டும்.

டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ஷெட் கதவை விரியத் திறந்து, வீட்டிலிருந்து ஹேர் டிரையரை எடுத்துவந்தேன். இன்ஜின் ஜில்லென்று இருந்தது. சாவியைப் போட்டு, பாயிண்டை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து மூட, பிளக்கில் நீலப்பொறி. 'டிக்' என்று காதுக்குக் கேட்கிற சத்தம். கண்டென்சருக்கு மட்டும் ஐந்து நிமிடம் சூடு காட்டினேன். மறுபடி பாயிண்டைத் திறந்தேன். வெளிச்சம் இடம் மாறியிருந்தது: பாயிண்ட் சந்தில் பளீரென்று ஒரு மின்னல், பிளக்கில் அதே மெலிந்த மஞ்சள். விசிறியைக் கொண்டுவந்து காற்றடித்தேன். பத்து நிமிடத்தில் நீலம் திரும்பியது.

புதுக் கண்டென்சர் மாற்றினேன்; இந்த முறை சூடு எட்டாதபடி, பெட்டிக்கு வெளியே காயில் பக்கத்தில் வயர் இழுத்து மாட்டினேன். பாயிண்டைத் தேய்த்துச் சுத்தமாக்கி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிபார்த்தேன். அன்று மாலை ஆறாவது கிலோமீட்டர் வந்தது; புளியமரமும் டீக்கடையும் பின்னால் போயின. முப்பது கிலோமீட்டர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பாயிண்டையும் சுத்தம் செய்தேன், கண்டென்சரையும் மாற்றினேன். எதனால் சரியானது? மறுநாள் பழைய கண்டென்சரை எடுத்து அதன் பழைய இடத்திலேயே மாட்டினேன்.

"நல்லா ஓடுற வண்டியில யாராச்சும் கெட்டுப்போனதை எடுத்து மாட்டுவாங்களா?" என்றாள் மனைவி.

ஆறாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. நின்ற வண்டியைப் பார்த்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவ ஆரம்பித்தார். புதுக் கண்டென்சர் மேல்பையில், அந்த அட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது. டீ ஆறுவதற்குள் மாட்டிவிட்டேன்.